ஒரு காங்கேயம் வண்டியின் ஸ்டியரிங் ஆயில்: எப்போது மாற்றணும், எப்போது மாற்றியும் பயனில்லை

எங்கள் பட்டறைக்கு வந்த இந்த வண்டி 2012 மாடல். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங், அதாவது ஆயில் அழுத்தம் உதவும் ஸ்டியரிங். மீட்டரில் 1,80,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருப்பவருடையது. காய் வாங்குவதற்காகக் கோபி, சத்தியமங்கலம், பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறி சாம்ராஜ்நகர் பக்கம் அடிக்கடி போய்வரும். மற்ற நாள்களில் களத்து மண்தடத்திலேயே முன்னே எடுத்துப் பின்னே எடுத்து ஒதுக்குவதுதான் வேலை. இந்த இரண்டு வேலைக்குமே ஸ்டியரிங் பம்பில் பாரம் அதிகம். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் பில் கோத்து வைத்திருந்தார். ஸ்டியரிங் ஆயிலுக்கு மட்டும் ஒரு பில்கூட இல்லை. வாங்கின நாளில் கம்பெனியில் ஊற்றிய ஆயில்தான் இத்தனை வருஷமும் ஓடியிருக்கிறது. இடையில் எங்கேயோ கொஞ்சம் டாப்-அப் செய்திருக்கிறார்கள்.

அவர் சொன்ன குறை இது: "ஏனுங் தம்பி, காத்தால எடுத்த ஒடனே ஸ்டியரிங்க ஒடிச்சா முக்குதுங். மாடு கன்னு போடறப்ப முக்குமே, அந்தச் சத்தம். வண்டி சூடேறுனா சத்தம் கொறஞ்சிருது, ஆனா ஸ்டியரிங் கனமாயிருது. திம்பத்துல பாதி வளைவு ஏறறதுக்குள்ள தோளு ரெண்டும் புடிச்சுக்குதுங்."

வேறொரு இடத்தில் ஏற்கெனவே காட்டியிருக்கிறார். ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரேக் போய்விட்டது, புதுசு போடணும், முப்பதாயிரத்துக்கு மேலாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்டேன். "பானெட்டையே தூக்கலீங்" என்றார். இந்த வண்டியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு அதுதான் காரணம்.

எதை முதலில் பார்த்தோம்

ஸ்டியரிங் கனம் என்று வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது டயர் காற்று. முன் டயர் இரண்டிலும் காற்று குறைவாகத்தான் இருந்தது. அளவுக்கு ஏற்றியதும் கொஞ்சம் இலகுவானது, ஆனால் சத்தம் அப்படியே. அடுத்தது பெல்ட். வெடிப்பில்லை, பளபளப்பு ஏறவில்லை, தொய்வும் இல்லை. பெல்ட் வழுக்கினால் வருவது கிறீச்சென்ற சத்தம். இங்கே கேட்டது அடித்தொண்டையில் வரும் முனகல். ஆகவே பெல்ட்டை விட்டுவிட்டோம்.

பிறகு டப்பாவின் மூடி. குளிர்ந்த நிலைக்கான கோட்டுக்கும் கீழே ஆயில் இறங்கியிருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டோம். பக்கத்தில் புது ஆயில் ஒரு சொட்டு. புதுசு இளஞ்சிவப்பாகப் பரவி நின்றது. பழையது நடுவில் கறுப்பும் சுற்றிலும் பழுப்பு வளையமுமாக, பரவவே யோசித்தது. முகர்ந்தால் கருகல் வாசம். விரலில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். மினுமினுக்கும் உலோகத் துகள் கண்ணுக்குப் படவில்லை. முக்கியமான தகவல் இதுதான். துகள் மின்னியிருந்தால் பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஆயிலை மாற்றுவது வீண் செலவு.

இன்ஜினை ஓடவிட்டு டப்பாவைப் பார்த்தால் மேலே நுரை. ஐடிலில் ஆயில் மட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு இன்ஜினை அணைத்தோம். மட்டம் சட்டென்று ஏறியது. இந்த ஏற்றம் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஆயிலுக்குள் காற்று கலந்திருக்கிறது. இங்கே தாண்டியது.

காற்று எங்கிருந்து வந்தது? டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்கும் உறிஞ்சு ஓஸின் கிளிப் தளர்ந்து, அதைச் சுற்றிப் புழுதி குழைந்து அப்பிக் கிடந்தது. வண்டி நிற்கும்போது அந்த இடத்தில் ஆயில் கசியும், ஓடும்போது காற்று உள்ளே இழுபடும். ஒரே ஓட்டை இரண்டு வேலை பார்க்கிறது. அடியில் போய் ரேக்கின் இரண்டு பக்க ரப்பர் உறையையும் அழுத்திப் பார்த்தோம். வலது பக்கம் காய்ந்திருந்தது. இடது பக்கக் கிளிப்பைத் தளர்த்தியதும் சில சொட்டு ஆயில் வந்தது. ஆக ஆயிலை அடைத்து நிறுத்தும் ரேக் சீலும் இலேசாகக் கசிகிறது. முந்தைய பட்டறை சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் முக்கலுக்கும் கனத்துக்கும் அது காரணமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம். ஸ்டியரிங் ஆயில் எரியவே வழியில்லை, அது மூடிய சுற்றில் ஓடுவது. மட்டம் குறைந்தால் வெளியே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். எங்கே போனது என்று தேடாமல் ஊற்றி நிரப்பிவிட்டு மூடியைத் திருகுவது வைத்தியமே அல்ல. இந்த வண்டியில் அப்படி ஊற்றிய டாப்-அப்தான் கசிவைச் சில வருஷம் மறைத்து வைத்தது.

ஆயில் ஏன் கறுக்கிறது

இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் பம்புக்குள் சின்னச் சின்ன இறக்கைகள் உண்டு. அவை டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி அழுத்தி ரேக்குக்கு அனுப்புகின்றன. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது அதன் அடியில் ஒரு முறுக்குக் கம்பி இலேசாக முறுகுகிறது. அந்த முறுக்கு ஒரு வால்வைத் திறந்து, ரேக்கின் எந்தப் பக்கம் அழுத்தம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஆயிலை விடுகிறது. நேரே போகும்போது அழுத்தம் மிகக் குறைவு. நின்ற வண்டியில் ஃபுல் லாக் வரை, அதாவது ஸ்டியரிங் இனித் திரும்பாத எல்லை வரை ஒடித்தால் ஆயிரம் பி.எஸ்.ஐ.யைத் தாண்டும். டயரில் நாம் ஏற்றுவது முப்பத்துச் சொச்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த அழுத்தம் எவ்வளவு என்று புரியும்.

லாக்கில் பிடித்து நிற்கும்போது ஆயில் போக இடமில்லாமல் அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பம்பின் ரிலீஃப் வால்வு வழியாக அங்கேயே சுற்றுகிறது. அந்த உழைப்பெல்லாம் சூடாக மாறுகிறது. ஐந்து விநாடிக்கு மேல் லாக்கில் பிடிக்காதீர்கள் என்று டிரைவர்களிடம் சொல்வது அதனால்தான். களத்தில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஒடித்து ஒதுக்குவது, திருப்பூர்ச் சந்துகளில் மூன்று தடவை முன்னே பின்னே எடுத்துத் திருப்புவது எல்லாம் இந்த வகை. மலையிலும் அதே நிலைதான். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. வேகம் குறைவு, இன்ஜின் சூடு அதிகம், எதிர்க்காற்று கிடையாது, வளைவுக்கு வளைவு லாக்குக்குக் கிட்டத்தட்ட ஒடிக்க வேண்டும். கோயம்புத்தூர்–சேலம் ரோட்டில் நேரே ஓடிய ஒரு லட்சம் கிலோமீட்டரையும் திம்பம் ஏறி இறங்கிய ஒரு லட்சத்தையும் ஒரே கணக்கில் வைக்கவே முடியாது.

சூட்டில் ஆயில் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. தேய்மானத்தைத் தடுக்கக் கலந்த மருந்துச் சரக்குகள் தீர்ந்துபோகின்றன. ஓஸின் உள்சுவர் ரப்பர் துகள்களாக உதிர்கிறது. கறுப்பில் பெரும்பங்கு அதுவும் பம்பின் நுண்ணிய தேய்மானமும்தான். இன்ஜின் ஆயிலுக்கு மாற்றக்கூடிய ஃபில்டர் உண்டு. இந்தச் சுற்றில் பெரும்பாலான வண்டிகளில் டப்பாவின் அடியில் ஒரு வலை மட்டுமே. அந்த வலை அடைபட்டால் பம்புக்கு வேண்டிய ஆயில் கிடைக்காது.

காலையில் முக்கியதற்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போது அடைபட்ட வலை வழியே போதுமான அளவு இறங்கவில்லை. போதாக்குறைக்குக் கிளிப் வழியாகக் காற்று. சூடேறியதும் ஆயில் இளகி வலையைக் கடந்தது, சத்தம் குறைந்தது. ஆனால் கெட்டுப்போய் நீர்த்த ஆயில் பம்பின் இடுக்குகளில் பின்னுக்கு வழிந்து, வேண்டிய அழுத்தம் எழவில்லை. ஆகவே கனம்.

என்ன செய்தோம்

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். சக்கரம் தரையில் பட்டிருந்தால் இன்ஜின் அணைந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒடிப்பது பெரும்பாடு. டப்பாவில் இருந்ததை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, டப்பாவையே கழற்றினோம். வலையில் பாதிக்கு மேல் கரும்பசை. இந்த மாடலில் வலை டப்பாவோடு ஒட்டியே வருவதால் புது டப்பா வாங்கிப் போட்டோம். உறிஞ்சு ஓஸின் வாய் கட்டித்துப் போயிருந்தது. வெறும் கிளிப்பை மட்டும் இறுக்கினால் நிற்காது என்பதால் ஓஸையும் மாற்றினோம்.

பிறகு டப்பாவுக்குத் திரும்பி வரும் ஓஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டோம். டப்பாவின் அந்த வாயை அடைத்தோம். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு லாக்கிலிருந்து மறு லாக் வரை ஒடிக்க, இன்னொருவர் டப்பா காலியாகாமல் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருந்தோம். பாட்டிலுக்குள் முதலில் கரி, அப்புறம் பழுப்பு, கடைசியில் சிவப்பு வந்தது. சிவப்பு தெளிவாக வந்த பிறகுதான் நிறுத்தினோம். இரண்டு லிட்டர் கிட்டத்தட்டத் தீர்ந்தது. சுற்றின் கொள்ளளவு ஒரு லிட்டர் அளவுதான், மீதி கழுவுவதற்குப் போனது.

சில பட்டறைகளில் இந்தக் கட்டத்தில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பம்பாலேயே பழைய ஆயிலைத் தள்ளவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பம்ப் டப்பாவைச் சில விநாடிகளில் காலியாக்கிவிடும். ஊற்றுகிற கை ஒரு நொடி பிசகினால் பம்ப் வறட்சியில் சுற்றும். ஆயிலைக் காப்பாற்றப் போய்ப் பம்பைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஓஸை மாட்டி மட்டம் பார்த்து, இன்ஜின் அணைந்த நிலையிலேயே பலமுறை லாக்குக்கு லாக் ஒடித்துக் காற்றை எடுத்தோம். குமிழி நின்ற பிறகு இன்ஜினை ஓடவிட்டோம். அணைத்தபோது மட்டம் ஏறுவது அளவுக்குள் வந்திருந்தது.

முக்கல் அன்றைக்கே நின்றது. சூட்டில் வந்த கனம் பெருமளவு குறைந்தது, முழுக்கப் போகவில்லை. இத்தனை வருஷம் கெட்ட ஆயிலில் ஓடிய பம்ப் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். அதை அவரிடம் மறைக்கவில்லை. "இதுக்கு மேல வேணும்னா பம்ப் மாத்தணுங்கண்ணா. இப்போதைக்கு வேண்டியதில்லீங்" என்றேன். ரேக்கின் இடது பக்கக் கசிவை அப்படியே விட்டு, சர்வீஸுக்குச் சர்வீஸ் அந்த ரப்பர் உறையைத் திறந்து பார்க்க முடிவெடுத்தோம். கசிவு கூடினால் சீல் கிட் போடலாம், ரேக் முழுசாக மாற்ற அவசியம் வராது. மொத்தச் செலவு ரேக்குக்குச் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை.

மாற்றியும் பயனில்லாத வண்டி

இதே காலத்தில் தாராபுரம் பக்கத்துப் பொலேரோ ஒன்று வந்தது. அதே முனகல். ஆயிலைத் தொட்டால் விரலில் வெள்ளிப் பொடி மினுங்கியது. உரிமையாளர் ஆயிலை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிப் பம்பை இறக்கினோம். இறக்கைகளும் அவை உரசும் வளையமும் கீறல் கீறலாக இருந்தன. ஆயில் மாற்றுவது நோய் வராமல் காப்பது. வந்த நோயை அது தீர்ப்பது அரிது. காங்கேயம் வண்டியில் தீர்ந்ததற்குக் காரணம், நோய் அங்கே ஆயிலிலும் வலையிலும் ஓஸிலும் நின்றிருந்தது, உலோகத்தை எட்டவில்லை.

இன்னொரு வகையும் உண்டு. பல்லடத்திலிருந்து சின்னக் கார் கொண்டுவந்த தம்பி ஒருவர் ஸ்டியரிங் ஆயில் மாற்றக் கேட்டார். அந்தக் காரில் ஸ்டியரிங்குக்கு ஆயிலே கிடையாது. மின்மோட்டார்தான் உதவுகிறது. 1988இல் சுசுகி தன் செர்வோ காரில் தொடங்கிய இந்த முறை இன்று சின்னக் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வந்துவிட்டது. ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 எல்லாம் அப்படித்தான். குவாலிஸ், பழைய இன்னோவா, சுமோ, பொலேரோ போன்றவைதான் ஆயில் வண்டிகள். மின்மோட்டாரே ஆயில் பம்பை ஓட்டும் இடைப்பட்ட வகையும் சில கார்களில் உண்டு. பானெட்டுக்குள் ஸ்டியரிங் படம் போட்ட மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத ஆயிலை மாற்றியதாக யாராவது பில் கொடுத்தால் நின்று கேளுங்கள்.

அப்படியானால் எப்போது

பல கம்பெனிகளின் சர்வீஸ் அட்டவணையில் இந்த ஆயிலுக்கு மாற்றும் கிலோமீட்டரே இருக்காது. "பரிசோதிக்கவும்" என்று மட்டும் இருக்கும். அதை "மாற்ற வேண்டாம்" என்று படிப்பதுதான் சிக்கல். பரிசோதனை என்றால் மட்டம் மட்டுமில்லை. நிறம், வாசம், நுரை, துகள் எல்லாம் சேர்ந்ததுதான். பட்டறைச் சீட்டில் மட்டத்தைப் பார்த்துச் சரி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். சமவெளியில் ஓடும் சொந்த வண்டிக்கு 80,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை போதும். மலை ஏறுகிற வண்டி, வாடகைக்கு ஓடுகிற வண்டி, களத்திலும் சந்திலும் நின்ற இடத்தில் ஒடிக்கிற வண்டி என்றால் 40,000 முதல் 50,000. ஆனால் கிலோமீட்டர் வருவதற்கு முன்பே தாளில் விட்ட சொட்டு கறுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம். கிலோமீட்டர் வந்தும் சொட்டு தெளிந்த சிவப்பாக இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை விடலாம். ஓஸ், பம்ப், ரேக் எதைக் கழற்றினாலும் ஆயிலையும் மாற்றிவிடுவது நல்லது.

"பழைய வண்டிங், புது ஆயில் ஊத்துனா லீக் ஆயிருமுங்" என்று ஒரு பேச்சு இங்கே பரவலாக உண்டு. சரியான ஆயில் நல்ல சீலைக் கெடுக்காது. ஏற்கெனவே கட்டித்த சீலைச் சுற்றியிருந்த பசை விலகியதும் கசிவு வெளியே தெரியலாம், அவ்வளவுதான். அது தெரிவது நல்லதே. ஃபிளஷ் என்று விற்கும் மருந்தும், கசிவை நிறுத்தும் மருந்தும் ஊற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. கசிவை நிறுத்தும் மருந்து சீலை உப்பவைத்துச் சில நாள் நிற்க வைக்கும். பிறகு அந்தச் சீல் பழைய நிலைக்கும் உதவாது.

பட்டறைக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஊசியால் டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துப் புதுசு ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி அதையே செய்யலாம். ஒரு லிட்டர் சுற்றில் டப்பாவில் 300 மில்லி இருந்தால் ஒருமுறை செய்தால் பழையது 70 சதவீதம் மிஞ்சும். மூன்று முறையில் 34, ஐந்து முறையில் 17. முழுதாகச் சுத்தமாகாது, வலையும் கழுவப்படாது. ஆனாலும் கரியாக விட்டுவிடுவதைவிட எவ்வளவோ மேல்.

எந்த ஆயில்

மூடியிலோ கையேட்டிலோ என்ன எழுதியிருக்கிறதோ அது. கடைக்காரர் கையில் கிடைப்பது அல்ல. காங்கேயம் வண்டியின் மூடியில் டெக்ஸ்ரான் என்றே அச்சிட்டிருந்தது, அதாவது ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் அதே சிவப்பு ஏ.டி.எஃப். டெக்ஸ்ரான்-3 என்ற தரப் பெயருக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006ஓடு நிறுத்திவிட்டது. இன்று கடையில் வாங்கும் டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால் தயாரித்த கம்பெனி தன் பொறுப்பில் சொல்வதுதான். ஆகவே பெயர் தெரிந்த கம்பெனியின் சீல் உடையாத டப்பாவை வாங்குங்கள், லூஸில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். ஹோண்டா, ஹூண்டாய் வண்டிகளில் ஆயில் ஸ்டியரிங் உள்ளவற்றுக்குத் தனி ஆயில், சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிறத்துச் செயற்கை ஆயில். சிவப்பையும் பச்சையையும் கலக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்து பிரேக் ஆயில். இரண்டு டப்பாவும் பானெட்டுக்குள்தான் இருக்கும். பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, ஸ்டியரிங் ஆயில் பெட்ரோலிய எண்ணெய் வகை. மாறி ஊற்றினால் எந்தப் பக்கமானாலும் அங்கே உள்ள சீல் ரப்பர் உப்பிக் கெடும். பிரேக்கில் ஸ்டியரிங் ஆயில் விழுந்தால் திம்பம் இறக்கத்தில் பிரேக் கைவிடும் அபாயம் உண்டு. மாறி ஊற்றியது தெரிந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பிரேக்கை மிதிக்காமல், வண்டியை அங்கேயே நிறுத்தி இறக்கிக் கழுவச் சொல்லுங்கள்.

வடித்த பழைய ஆயிலைக் கரையானுக்கு என்று மரச்சட்டத்தில் பூசுவதும், தோட்டத்து ஓரம் ஊற்றுவதும் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அது மண்ணில் இறங்கிக் கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கும். கேனில் மூடி வைத்து, கழிவு ஆயில் எடுக்க அனுமதி உள்ளவரிடம் கொடுக்கும் பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள். காங்கேயம் வண்டியில் வடித்ததும் அப்படித்தான் போனது.